பொறியருகே நிற்பவர்

நகரத்தில் ஒரு வீடு தீப்பற்றி எரியும்போது, அங்குக் கூடும் மக்களின் கண்கள் அனைத்தும் தீயின் மீதே பதிந்திருக்கும். ஏணியில் ஏறுவோரையும், புகைக்குள் புகுவோரையும், நீர் பீச்சும் குழாயைக் கையில் பிடித்துத் தீயோடு போராடுவோரையும் கண்டு மக்கள் வியப்பர். அவ்வேளையில் ஒருவர் மட்டும் தீயைப் பாராமல் அதற்கு முதுகு காட்டி நிற்பார். தெருவோரத்தில் உறுமிக்கொண்டிருக்கும் தீயணைப்பு வண்டியின் அருகே, கடிகாரம் போன்ற சில வட்டக் கருவிகளின் முன்னால், ஒரு கையை விசைப்பிடியின் மேல் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் நிற்பார். அவரைக் கவனிப்பார் இலர். கவனித்தவர்க்கும், 'ஊர் எரிகையில் இவர் ஏன் சும்மா நிற்கிறார்?' என்றே எண்ணத் தோன்றும்.

அவர் சும்மா நிற்பவர் அல்லர். எரியும் வீட்டினுள்ளே நிற்கும் வீரர்களின் உயிர் அவருடைய கையில் இருக்கிறது. அமெரிக்க நாட்டுத் தீயணைப்புப் படைகள் பலவற்றில் அவரை 'என்ஜினியர்' என்பர். நியூயார்க் நகரத்தார், வண்டியோட்டி என்று பொருள்படும் 'ஷோபர்' என்னும் சொல்லால் அவரைக் குறிப்பர். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே. நகரம் தரும் நீரை வாங்கி, அதற்கு வேண்டிய விசையைக் கூட்டி, தீயருகே நிற்பவர் கைக்கு இடையறாமல் அனுப்ப வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இத்தொழிலின் அருமையை, அந்நாட்டின் மேற்குக் கரையில் உள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம் துன்பத்தின் வாயிலாக அறிந்தது. குன்றுகளின் மேல் நெருங்கி நிற்கும் மரவீடுகளும், ஏறுவோர்க்கு மூச்சுத் திணறும் செங்குத்தான தெருக்களும், அவ்வப்போது அதிரும் நிலமும் உடைய நகரம் அது. அந்நகரின் கதையைக் கூறுமுன், பொறியருகே நிற்பவர் எதைப் பார்க்கிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

தீயணைப்பு வண்டி தன் வயிற்றில் சிறிதளவு நீரைச் சுமந்தே வருகிறது. அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 500 காலன் நீர் இருக்கும். அவர்களுடைய காலன் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு குழாயின் வழியே நிமிடத்திற்கு 150 காலன் வீதம் பீச்சினால், அந்த நீர் முழுவதும் மூன்றரை நிமிடத்திற்குள் தீர்ந்துபோகும். வீரர்கள் அந்த நீரை நம்பி உள்ளே சென்றுவிட்டனர். அது தீர்வதற்குள் தெருவிலிருந்து நீர் வந்தாக வேண்டும். தெருவோரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கும். அதற்கு 'ஹைட்ரண்டு' என்று பெயர். நிலத்தடியில் ஓடும் நகரக் குடிநீர்க் குழாயோடு அது இணைந்தது. அதன் வாய்க்கும் வண்டியிலுள்ள பம்பின் வாய்க்கும் இடையே தடித்த துணிக்குழாய் ஒன்றைப் பூட்டி, ஹைட்ரண்டைத் திறப்பர். வெறுங்குழாய் பாம்புபோல் நெளிந்து, பருத்து, விறைத்து நிற்கும். அந்தக் கணம் முதல் பொறியருகே நிற்பவர் அவ்வூர் நீருக்குக் கடன்பட்டவர் ஆகிறார்.

அவர் முன்னே பல மானிகள் இருந்தாலும் இரண்டே முதன்மையானவை. பம்புக்குள் புகும் நீரின் அழுத்தத்தை ஒன்று காட்டும். பம்பிலிருந்து வெளியேறும் நீரின் அழுத்தத்தை மற்றொன்று காட்டும். தொழிலுக்குப் புதியவர் வெளியேறும் நீரின் மானியையே உற்று நோக்குவார். தீயை அணைப்பது அந்த நீர்தானே என்பது அவர் எண்ணம். தேர்ந்தவருடைய கண்ணோ, புகும் நீரின் மானியை விட்டு நெடுநேரம் அகலாது. வரவு அறியாமல் செலவு செய்பவன் குடும்பம் என்னாகும் என்பதைத் தமிழ் மாணவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. இந்த மானியில் மற்றொரு புதுமையும் உண்டு. சுழி என்னும் குறிக்கு மேலே மட்டுமன்றி, அதற்குக் கீழேயும் கோடுகள் இடப்பட்டிருக்கும். நீர் தானே உந்தி வரும்போது முள் சுழிக்கு மேலே நிற்கும். பம்பு நீரை உறிஞ்சி இழுக்க நேரும்போது முள் சுழிக்குக் கீழே இறங்கும். ஹைட்ரண்டிலிருந்து நீர் வாங்குபவர் அந்தக் கீழ்க்கோடுகளைக் கனவிலும் காண விரும்பார்.

அமெரிக்கர் அழுத்தத்தை இன்றும் சதுர அங்குலத்திற்கு இத்தனை இராத்தல் என்றே அளக்கின்றனர். ஹைட்ரண்டைத் திறந்து, குழாய் நிரம்பி, ஆனால் ஒரு துளி நீரும் இன்னும் பம்பைக் கடந்து பாயாதபோது, முள் 60 இராத்தலில் நிற்கிறது என்று கொள்வோர்க்கு ஒரு செய்தி தெரியவரும். ஓர் இராத்தல் அழுத்தம் என்பது ஏறத்தாழ 2.31 அடி உயரமுள்ள நீர்த்தம்பத்தின் பாரம். எனவே 60 இராத்தல் என்றால், நகரின் நீர்த்தொட்டியில் உள்ள நீர்மட்டம் இவ்விடத்தைவிட ஏறத்தாழ 139 அடி உயரத்தில் இருப்பதற்கு ஒப்பாகும். அதே தொட்டியிலிருந்து நீர் பெறும் குன்றடித் தெருவில் முள் இன்னும் மேலே நிற்கும்; குன்றின் உச்சியில் கீழே நிற்கும். சான்பிரான்சிஸ்கோ போன்ற மேடுபள்ளமான நகரில் இரண்டு தெரு கடந்தால் கணக்கு மாறிவிடும்.

ஆனால், நின்ற நீர் காட்டும் இந்த எண், எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. இதுவே இத்தொழிலின் முதற்பாடம். விரல் பருமனுள்ள குழாயும் ஆள் நுழையும் அளவுள்ள குழாயும் ஒரே தொட்டியில் இணைந்திருந்தால், நீர் ஓடாதவரை இரண்டிலும் முள் ஒரே எண்ணைத்தான் காட்டும். நீர் ஓடத் தொடங்கியதும் வேற்றுமை வெளிப்படும். வீட்டின் மேல்மாடியில் குளிப்பவர்க்கு, கீழே ஒருவர் குழாயைத் திறந்ததும் நீர் மெலிந்து போவது போல, ஓட்டம் கூடும்தோறும் குழாயின் சுவரில் உராய்ந்து அழுத்தம் குறையும். அவ்வாறு குறைவதும் நேர்விகிதத்தில் அன்று. நீரின் அளவு இருமடங்கானால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஏறத்தாழ ஒன்பது மடங்காகும்.

இந்த ஒரு விதியைக் கொண்டே தேர்ந்தவர் நின்ற இடத்தில் நிலத்தடிக் குழாயின் இயல்பை அறிந்துவிடுவார். முதல் குழாயின் வழியே நிமிடத்திற்கு 250 காலன் நீரை அனுப்புகிறார். 60-இல் நின்ற முள் 55-க்கு இறங்குகிறது. இழப்பு 5. இதே அளவுள்ள இரண்டாவது குழாயையும் திறந்தால் இழப்பு 20 ஆகும். முள் 40-இல் நிற்கும். மூன்றாவதையும் திறந்தால் இழப்பு 45. முள் 15-க்கு வீழும். ஆகவே, இரண்டு குழாய்க்கு இந்த ஹைட்ரண்டு தாங்கும், மூன்றுக்குத் தாங்காது என்பது முதல் குழாயைத் திறந்தபொழுதே அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த தெருவில் மற்றொரு ஹைட்ரண்டு. அதிலும் நின்ற நீர் 60 இராத்தலே. முதல் குழாயைத் திறந்ததும் முள் 40-க்கு வீழ்கிறது. இழப்பு 20. இரண்டாவதற்கு 80 இராத்தல் வேண்டும், இருப்பதோ 60. இந்த ஹைட்ரண்டு ஒரு குழாய்க்கு மட்டுமே உரியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வண்ணமும் ஒன்றாகவே இருக்கக் கூடும். நிலத்தடியில் ஒன்று பெரிய குழாயோடும் மற்றொன்று சிறிய குழாயோடும் இணைந்திருக்கலாம். ஒன்று இருபுறமும் நீர் வரும் வலைப்பின்னலில் அமைந்ததாகவும், மற்றொன்று தெருவின் கடைசியில் முடிந்துவிடும் முட்டுக்குழாயில் அமைந்ததாகவும் இருக்கலாம். பழைய இரும்புக் குழாயின் உட்புறம் துருக்கட்டிகள் வளர்ந்து வழியை நெருக்கியிருக்கலாம். எவரோ பழுதுபார்த்துவிட்டு ஒரு வால்வைப் பாதியிலேயே விட்டுச் சென்றிருக்கவும் கூடும். காரணம் எதுவாயினும், ஐந்தாறு அடி ஆழத்தில் மண்ணுக்குள் மறைந்திருப்பதை முள்ளின் வீழ்ச்சி காட்டிக்கொடுக்கிறது.

முள் 20 இராத்தலுக்குக் கீழே இறங்கலாகாது என்பது அந்நாட்டுத் தீயணைப்போர் கைக்கொள்ளும் எல்லை. சுழிவரை நீர் வருகிறதே, பின் ஏன் இருபதில் நிற்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. ஹைட்ரண்டு இருக்கும் இடத்தில் 20 இராத்தல் இருந்தால், அதைவிட மேட்டிலுள்ள வீட்டுக் குழாய்களில் அதனினும் குறைவாகவே இருக்கும். அங்கே அழுத்தம் அற்றுப்போய்க் குழாய் உறிஞ்சத் தொடங்கினால், மண்ணுக்குள் உள்ள விரிசல்களின் வழியே அழுக்குநீர் குடிநீர்க் குழாயினுள் புகும். தொட்டியில் அமிழ்ந்து கிடக்கும் வீட்டுக் குழாயின் முனை வழியே, குளித்த நீரும் துணி வெளுத்த நீரும் பின்னோக்கி ஏறும். தீயணைக்க வந்தவர், தம்மையறியாமல், நாலு தெருவுக்கு அப்பால் இருக்கும் குழந்தை குடிக்கும் நீரைக் கெடுத்தவர் ஆவார். இக்கேடு அன்றைக்கே தெரியாது. தீயை அணைத்த புகழோடு வண்டி நிலையம் திரும்பிய பின்னரே தெரியவரும். அதனாலேயே இந்த எல்லை கடுமையானது.

அமெரிக்கத் தேசியத் தீக்காப்புச் சங்கத்தார், 20 இராத்தல் எஞ்சி நிற்கும் நிலையில் எத்தனை காலன் தரவல்லது என்பதைக் கொண்டே ஹைட்ரண்டுகளைத் தரம் பிரிக்கப் பரிந்துரைத்துள்ளனர். நிமிடத்திற்கு 1,500 காலனுக்குக் குறையாமல் தருவதன் தலைக்கு இளநீலம்; 1,000 முதல் பச்சை; 500 முதல் ஆரஞ்சு; அதற்கும் குறைந்தால் சிவப்பு. இது பரிந்துரையே அன்றிக் கட்டளை அன்று. ஆகையால் ஓரூரின் நிறத்தை மற்றோரூரில் நம்பியவர் ஏமாறுவர். சான்பிரான்சிஸ்கோவிலேயே ஒருவகை ஹைட்ரண்டுகளின் தலைநிறம் நீரின் அளவைக் குறிக்காமல், எந்தத் தொட்டியிலிருந்து நீர் வருகிறது என்பதைக் குறிக்கிறது.

இனி அவருடைய இடர்ப்பாட்டைப் பார்க்கலாம். உள்ளே தீ மிகுகிறது. "நீர் போதவில்லை, இன்னும் அழுத்தம் வேண்டும்" என்று தலைவரின் குரல் வானொலியில் வருகிறது. பொறியருகே நிற்பவரின் கை, விசைப்பிடியைத் திருகத் துடிக்கிறது. திருகுகிறார். என்ஜினின் உறுமல் உயர்கிறது. ஆனால் வெளியேறும் நீரின் மானியில் முள் ஏறவில்லை. பம்பினுள்ளே கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை எழுகிறது. உட்புகும் குழாயைத் தொட்டால் விறைப்புத் தளர்ந்து கையோடு அமுங்குகிறது. ஹைட்ரண்டு தரக்கூடியதைவிட மிகுதியாகப் பம்பு இழுக்கிறது என்பதன் அறிகுறிகள் இவை. பம்பின் சக்கரத்தருகே அழுத்தம் மிகக் குறைந்து, நீர் சூடேறாமலே கொதித்து ஆவிக்குமிழாக மாறுகிறது. அக்குமிழ்கள் அழுத்தமுள்ள இடத்திற்குச் சென்றதும் வெடித்து அடங்கும்போது, உலோகத்தைச் சிறிது சிறிதாகக் கடித்துத் தின்கின்றன. குழாயின் மறுமுனையில் பீச்சும் நீர் விட்டுவிட்டு வருகிறது. நீர் அறுந்த அக்கணத்தில் தீ முன்னேறும்.

இந்நிலையில் செய்ய வேண்டியது, மனம் ஏவுவதற்கு நேர்மாறானது. விசையைக் குறைக்க வேண்டும். குறைத்ததும் ஓசை அடங்கும். முள் நடுங்காமல் நிற்கும். முன்னைவிடக் குறைந்த வேகத்தில் முன்னைவிடச் சீரான நீர் செல்லும். கை, கூட்டு என்று துடிக்கும்போது குறைப்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும் என்பது, தோழர்கள் தீக்குள் இருக்க வெளியே நின்றவர்க்கே தெரியும். அதனினும் அரிது, தலைவரிடம் உண்மையைக் கூறுதல். "இரண்டு குழாய்க்குத் தருகிறேன், மூன்றாவதற்குத் தர இயலாது" என்று அவர் சொல்லியாக வேண்டும். தருகிறேன் என்று சொல்லித் தராமற் போனால், அந்தச் சொல்லை நம்பிப் படியேறியவர் திரும்பி வரமாட்டார். மறுத்துச் சொன்னால், தலைவர் வேறு வழி தேடுவார். வேறொரு பெருங்குழாயில் உள்ள ஹைட்ரண்டுக்கு மற்றொரு வண்டியை அனுப்புவார். அல்லது சிறிய பீச்சுமுனையை மாட்டச் செய்வார். அல்லது வீரர்களை வெளியே அழைத்துக்கொண்டு, அடுத்த வீட்டைக் காப்பார்.

குறைவினால் மட்டுமன்றி மிகுதியினாலும் இடர் உண்டு. இவ்வகைப் பம்பு, புகும் நீரின் அழுத்தத்தோடு தன் விசையையும் கூட்டித் தருவது. இரண்டு குழாய் பாயும்போது புகும் நீரில் 40 இராத்தல் இருக்கிறது. வெளியே 150 வேண்டும். ஆகவே என்ஜின் 110-ஐக் கூட்டிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒருவர் தம் பீச்சுமுனையை மூடுகிறார். ஓட்டம் பாதியானதால் புகும் அழுத்தம் 55-க்கு ஏறுகிறது. என்ஜின் தன் 110-ஐக் கூட்டிக்கொண்டே இருக்கிறது. மற்றவர் கையிலுள்ள குழாயில் அழுத்தம் அறிவிப்பின்றி உயர்ந்துவிடும். ஒன்றேகால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த வாயுள்ள பீச்சுமுனையில், 50 இராத்தல் அழுத்தத்தில் நீர் பாயும்போதே, பிடித்திருப்பவரை ஏறத்தாழ 100 இராத்தல் விசை பின்னோக்கித் தள்ளுகிறது. ஏணியின் மேல் நிற்பவர்க்கு அதற்கு மேலும் சிறிது கூடினால் என்னாகும்? மிகையான அழுத்தத்தைத் தானே வடித்துவிடும் வால்வும், என்ஜினின் வேகத்தைத் தானே குறைக்கும் கருவியும் இன்றைய வண்டிகளில் உள்ளன. எனினும் கருவியை நம்பிக் கண்ணை எடுப்பவரைத் தேர்ந்தவர் என்று எவரும் சொல்லார்.

திறப்பதும் மூடுவதும் மெதுவாக நிகழ வேண்டும் என்பதை அவர்கள் மீண்டும் மீண்டும் பயிலுவர். நூறடி நீளமும் இரண்டரை அங்குல விட்டமும் உள்ள குழாயில் அடங்கிய நீரின் எடை 200 இராத்தலுக்கு மேல். நிலத்தடிப் பெருங்குழாயில் ஓடுவதோ பல்லாயிரம் இராத்தல். ஓடுகின்ற அந்தப் பாரத்தைச் சட்டென்று நிறுத்தினால், நிற்க இடமின்றி அது சுத்தியல்போல் அடித்துத் திரும்பும். அந்த அடியில் துணிக்குழாய் பிளக்கும், பம்பு உடையும், தெருவுக்கடியில் பழங்குழாய் வெடித்து, ஊரே நீரின்றித் தவிக்கும். பனி உறையும் ஊர்களில் மற்றொரு நுட்பம் உண்டு. அங்கே ஹைட்ரண்டின் வால்வு உறைபனி எட்டாத ஆழத்தில் இருக்கும். மூடியபின் தூணில் தங்கிய நீர் வடிய அடியில் துளைகள் இருக்கும். பாதி மட்டும் திறந்தால் அத்துளைகள் அடைபடாமல் நீர் கசிந்து தூணின் அடிமண்ணையே அரித்துவிடும். எனவே மெதுவாக, ஆனால் முழுவதுமாகத் திறக்க வேண்டும்.

இவ்வளவும், நிலத்தடியில் குழாய் முழுமையாக இருக்கும் நாளுக்கு உரிய அறிவு. சான்பிரான்சிஸ்கோவில் 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலை 5 மணி 12 நிமிடத்திற்கு நிலம் நடுங்கியது. தீயணைப்புப் படைத் தலைவர் டென்னிஸ் சலிவன், அடுத்த கட்டடத்துப் புகைபோக்கி இடிந்து விழுந்ததனால் படுகாயமுற்றார்; நான்காம் நாள் இறந்தார். கடல்நீரைத் தீயணைக்கப் பயன்படுத்த வேண்டும் என்றும், பழைய நிலத்தடித் தொட்டிகளைச் சீர்ப்படுத்த வேண்டும் என்றும் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தவர் அவர். குதிரைகள் இழுத்து வந்த நீராவிப் பம்புகளை வீரர்கள் ஹைட்ரண்டுகளில் பூட்டினர். திறந்தனர். சில துளிகள் வந்தன, பின்பு ஒன்றுமில்லை. நகருக்கு வெளியே ஏரிகளில் நீர் இருந்தது. ஆனால் அதைக் கொணரும் பெருங்குழாய்களும், இளகிய நிரப்பு மண்ணில் பதித்த தெருக்குழாய்களும் முறிந்துபோயிருந்தன. வீரர்கள் எஞ்சிய நிலத்தடித் தொட்டிகளிலிருந்தும், சாக்கடைகளிலிருந்தும்கூட நீரை இறைத்துப் பார்த்தனர். கடற்படையினர் கலங்களிலிருந்து கடல்நீரை இறைத்து நீர்முகத்தைக் காத்தனர். மற்றைப் பகுதிகளில், நீராவி நிரம்பிய பம்புகள் நீரின்றி நின்றன. தீ ஏறத்தாழ மூன்று நாள் எரிந்தது. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. பெருமளவு அழிவு நிலநடுக்கத்தினால் அன்று, தீயினால் ஆனது.

மிஷன் என்னும் பகுதியை நோக்கித் தீ வந்தபோது, டொலோரஸ் பூங்காவின் மேட்டு மூலையில், இருபதாம் தெருவும் சர்ச் தெருவும் கூடுமிடத்தில் ஒரு ஹைட்ரண்டில் மட்டும் நீர் இருப்பது கண்டறியப்பட்டது. குதிரைகள் களைத்துப்போயிருந்தன. ஊர்மக்களே பம்பைத் தோள்கொடுத்து மேட்டின் மேல் ஏற்றினர் என்பர். அந்த ஒரு குழாயின் நீரைக் கொண்டு தீ இருபதாம் தெருவில் தடுக்கப்பட்டது.

சலிவன் கேட்டதை நகரம் அவர் இறந்தபின் செய்தது. 1908-இல் மக்கள் வாக்களித்துப் பணம் ஒதுக்கினர். 1913-க்குள் தீயணைப்புக்கென்றே தனிக் குழாய்த் தொகுதி அமைந்தது. இரட்டைச் சிகரம் என்னும் குன்றின் மேல் 1 கோடியே 5 இலட்சம் காலன் கொள்ளும் நீர்த்தேக்கம். அதற்குக் கீழே 5 இலட்சம் காலன், 7½ இலட்சம் காலன் கொள்ளும் இரண்டு தொட்டிகள். கடல்நீரை இறைத்துச் செலுத்த இரண்டு நிலையங்கள். மேலே உள்ள தேக்கம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 750 அடி உயரத்தில் இருப்பதால், அதன் நீரைக் கரையோரத் தெருவுக்கு விட்டால் அழுத்தம் 300 இராத்தலைக் கடக்கும். அங்கே பொறியருகே நிற்பவர்க்கு வேலை தலைகீழாகிறது. அழுத்தத்தைக் கூட்டுவதற்கு மாறாகக் குறைத்துக்கொடுக்கும் வால்வை ஹைட்ரண்டில் பூட்ட வேண்டும். இதனோடு நூற்றுக்கு மேற்பட்ட நிலத்தடித் தொட்டிகளும் தெருச்சந்திகளின் கீழ் உள்ளன. தெருவில் செங்கல் பதித்த பெரிய வட்டத்தைக் கண்டால், அதன் கீழே நீர் இருக்கிறது என்று பொருள்.

இத்தனை ஏற்பாடும் 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் மாலை 5 மணி 4 நிமிடத்திற்குச் சோதனைக்கு வந்தது. அன்றைய நிலநடுக்கத்தில் மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே தனித்தொகுதியின் குழாய்கள் முறிந்தன. அவற்றின் வழியே கீழ்த்தொட்டி வடிந்து வறண்டது. வடக்குக் கரையில், நிரப்பு மண்ணின் மேல் அமைந்த மரீனா பகுதியில், நான்கு மாடி வீடொன்று எரியத் தொடங்கியது. அங்கு முதலில் வந்த வண்டியினர் ஹைட்ரண்டைத் திறந்தனர். குடிநீர்க் குழாயும் முறிந்திருந்தது. தனித்தொகுதியிலும் நீர் இல்லை. 83 ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய முன்னோர் கண்ட அதே வெறுமை அவர்கள் முன் நின்றது.

அருகே, நுண்கலை மாளிகையின் முன்னால் ஒரு குளம் இருந்தது. வண்டிகள் அதன் கரைக்குச் சென்றன. விறைப்பான உறிஞ்சுகுழாயைக் குளத்தில் இறக்கிப் பம்பிலிருந்த காற்றை வெளியேற்றினர். வெளியிலுள்ள காற்றின் பாரம் குளத்து நீரை மேலே தள்ளியது. இவ்வாறு நீரை ஏற்றுவதற்கு ஏறத்தாழ 34 அடியே இயற்கை விதித்த எல்லை. நடைமுறையில் அதனினும் பலவடி குறைவு. குளம் ஆழமற்றது, கரையும் தாழ்ந்தது. புகும் நீரின் மானியில் முள் சுழிக்குக் கீழே இறங்கி நின்றது. ஹைட்ரண்டில் கண்டால் நடுங்கச் செய்யும் அந்தக் கீழ்க்கோடுகள், அன்று நீர் வருகிறது என்பதற்குச் சான்றாயின.

குளத்து நீர் தீயைத் தடுத்ததே தவிர, அணைக்கப் போதவில்லை. பின்னர் 'ஃபீனிக்ஸ்' என்னும் தீயணைப்புக் கப்பல் விரிகுடாவின் வழியே மரீனாக் கரையை அடைந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே, இத்தகைய நாளை எண்ணி, ஐந்து அங்குலத் துணிக்குழாய்களையும், தெருவில் எங்கும் வைத்துப் பூட்டத்தக்க சிறு ஹைட்ரண்டுகளையும் சுமந்த வண்டிகளை நகரப் படையினர் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தனர். அவை வந்து சேர்ந்தன. அக்கம்பக்கத்து மக்கள் கூடி, பாரமான குழாய்களைக் கரையிலிருந்து தெருத்தெருவாக இழுத்துச் சென்றனர். கப்பல் கடல்நீரை அனுப்பியது. நல்லூழாக அன்றிரவு காற்று வீசவில்லை. பொறியருகே நின்றவர்களின் மானிகளில் முட்கள் மெல்ல மெல்லச் சுழிக்கு மேலே ஏறி நின்றன. தீ அந்தக் கட்டடத் தொகுதியை விட்டு வெளியேறவில்லை.

இருபதாம் தெரு மூலையிலுள்ள பழைய ஹைட்ரண்டு இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 18-ஆம் நாள் வைகறையில் மக்கள் அங்குக் கூடுகின்றனர். ஓய்வுபெற்ற வீரரும், படையில் உள்ளோரும், பிள்ளைகளைத் தோளில் சுமந்த பெற்றோரும் வருகின்றனர். பொன்வண்ணக் குழம்பைக் கொண்டு, அந்த இரும்புத் தூணுக்கு மீண்டும் ஒருமுறை வண்ணம் பூசிவிட்டு, வெளிச்சம் பரவுமுன் வீடு திரும்புகின்றனர்.